வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண்மேடு

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ-9 வீதியில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் சென்றால் அக்குறணை. ஆறாம் கட்டை, ஏழாம் கட்டை, எட்டாம் கட்டை என்று மைல் கணக்கிலேயே இடம் சொல்லிப் பழகிய ஊர். வீதியோரம் கடைத்தெரு, அதை ஒட்டினாற்போல் பிங்கா ஓயா, இரண்டு பக்கமும் மலை. சமதரையாக இருந்ததெல்லாம் எப்போதோ கடையாகவும் பாடசாலையாகவும் பள்ளிவாசலாகவும் மாறிவிட்டது. ஏறத்தாழ 30 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பிரதேச செயலகப் பிரிவில் 2012 குடிசன மதிப்பீட்டின்போதே 60,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். புதுக் காணிக்கு வழியில்லை. இருக்கிற வளவுக்குள்ளேயே மேட்டை வெட்டி இன்னொரு வீடு எழும்புகிறது. அதற்கு மேலே அயலவர் வீடு, அதற்கும் மேலே இன்னொன்று.

இப்படி எழும்பிய பழைய வீடு ஒன்றின் குசினிக் கதவைத் திறந்தால் எதிரே மண்சுவர் நிற்கும். வீட்டுச் சுவருக்கும் அதற்கும் இடையே ஓராள் ஒதுங்கி நடக்கும் இடைவெளிதான். மேடு நேர்குத்தாக வெட்டப்பட்டிருக்கும். கூரை உயரத்துக்கோ அதற்கு மேலோ போகும். பீலி இல்லாத கூரையிலிருந்து மழைநீர் நேராக அதன் அடியில் விழுந்து மண்ணை அரிக்கும். மேல்வீட்டின் மலசலகூடக் குழி அதே மேட்டின் உச்சியில், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கசிந்துகொண்டிருக்கும். பாசி, பன்னச்செடி, எப்போதும் காயாத ஈரம். முப்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டார் சொல்வார்கள். சொல்வது உண்மைதான். அந்த முப்பது வருஷமும் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாவட்டங்களில் கண்டியே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. அக்குறணையை அடுத்த அலவத்துகொடைப் பகுதியில் மண் இறங்கி வீடுகளை மூடியது. நாட்டின் நேரடிச் சேதத்தை ஏறத்தாழ 410 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அதிலும் கண்டிக்குத்தான் பெரும் பங்கு. மத்திய மலைநாட்டின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அவ்வளவு மழையை எந்தச் சரிவுதான் தாங்கும் என்று கேட்கலாம். ஆனால் ஒரே மலையில், ஒரே மழையில், ஒரு வீடு போய்ப் பக்கத்து வீடு நின்ற இடங்களும் இருக்கின்றன. அந்த வேறுபாட்டுக்கான விடை பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இலங்கையிடம் இன்றுள்ள கருவிகளும் படங்களும் மழையை அறியும், மலையையும் ஓரளவு அறியும். வீட்டை மட்டும் அறியாது. பழைய வீடுகளைப் பொறுத்தவரை தொழில்நுட்பம் வாசலோடு நின்றுவிடுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நிலச்சரிவைப் படிக்கும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துடையது. 1984இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், 1986 ஜனவரியில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் நேர்ந்த பெரும் மண்சரிவுகளுக்குப் பிறகு, 1990களில் மலைநாட்டுக்கான ஆபத்து வலயப் படங்களை வரையத் தொடங்கியது. பாறை, மண்ணின் தடிப்பு, சரிவின் கோணம், நீரோட்டம், நிலப்பயன்பாடு ஆகியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கணித்த படங்கள் அவை. மதிக்கத்தக்க உழைப்பு. முதலில் 1:50,000 அளவில் வந்தன, பிறகு 1:10,000 அளவில். இரண்டாவதையே எடுத்துக்கொள்வோம். படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் பத்து மீட்டர். ஒரு சிறிய வீடு முழுவதும் பேனா முனை வைக்கும் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். குசினிக்குப் பின்னால் வெட்டிய பன்னிரண்டு அடி மேடு அதில் எங்கே தெரியப் போகிறது? படம் வரைந்த பிறகு வெட்டிய மேடு என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எச்சரிக்கையின் கதையும் அதுதான். தானியங்கி மழைமானிகள் அனுப்பும் அளவை வைத்து மூன்று படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றாலோ ஒரே மணிநேரத்தில் 75 என்றாலோ வெளியேறல். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. டித்வா நாட்களில் சிவப்புக்கு உரிய அளவைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் கொட்டிய இடங்கள் உண்டு. இந்த அறிவிப்புகள் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வருகின்றன. அக்குறணைப் பிரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால் 60,000 பேருக்கும் ஒரே செய்தி. இத்தனை பேரும் எங்கே போவது? எந்த வீட்டார் உடனே வெளியேற வேண்டும், எந்த வீட்டார் பயமின்றி இருந்து மற்றவர்களுக்கு இடம் கொடுக்கலாம் என்பதை அந்தச் செய்தி சொல்லாது. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைப் பற்றி ஊகிக்க வேண்டியதுதான்.

அந்தச் செய்தியும் எந்த மொழியில் வந்தது என்ற கேள்வி இருக்கிறது. டித்வா நாட்களில் தமிழில் அறிவிப்புகள் தாமதமாக வந்தன, சில வரவே இல்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. தமிழ் பேசும் மக்கள் செறிந்து வாழும் ஓர் ஊருக்கு இது சிறிய குறை ஆகாது. மூன்று மொழிகளில் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி அனுப்புவது இன்றைய தொழில்நுட்பத்தில் மிக எளிய வேலைகளில் ஒன்று. அது நடக்காததற்குக் கருவியைக் குறைசொல்ல முடியாது.

வானத்திலிருந்து பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம்தான். ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதிகள் 2014 முதல் ரேடார் அலைகளால் பூமியை அளந்து, நிலம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண்டுபிடிக்க உதவுகின்றன. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. சென்டினலின் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவு. இலைதழைகளில் பட்டே அது குழம்பிவிடும். நிசாரின் நீண்ட அலை ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். கண்டி மலைகள்போல் மரம் அடர்ந்த இடத்தில் இது நன்றாக வேலை செய்யும். மெல்ல மெல்ல நகரும் பெரிய சரிவுகளைக் கண்டுபிடிக்க இவை பெரிதும் உதவும். ஆனால் பின்வளவு மேடு மாதக்கணக்கில் நகர்ந்து முன்னறிவிப்பது அபூர்வம். தண்ணீர் நிறைந்து, பிடிமானம் இழந்து, சில நிமிஷங்களில் இறங்கிவிடும். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை மேலே கடக்கும் செய்மதிக்கு அது சிக்காது.

தரைக்குள் கருவி புதைப்பது இன்னொரு வழி. கேரளத்தின் மூணாறில் அந்தோணியார் காலனிக்கு மேலேயுள்ள மலையில் அம்ரிதா பல்கலைக்கழகம் 2009இல் அப்படியோர் ஏற்பாட்டைச் செய்தது. துளையிட்டு இறக்கிய குழாய்களுக்குள் மண்ணின் நீரழுத்தத்தையும் சாய்வையும் அளக்கும் உணரிகள். அவை கம்பியில்லாமல் தொடர்ந்து தகவல் அனுப்பும். தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் ஒரு மலைக்கு இது பெரிய காவல். ஆயினும் அது ஒரு மலைக்கு. அக்குறணை, ஹாரிஸ்பத்துவ, பூஜாப்பிட்டிய, உடுநுவர என்று கண்டியைச் சுற்றியுள்ள வீடுகள்தோறும் குழாய் இறக்க எந்த அரசாலும் முடியாது.

பிறகு எது முடியும்? இதற்கு ஹொங்கொங்கின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும்.

1972 ஜூன் 18 அன்று, மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, ஹொங்கொங்கில் சவ் மவ் பிங் என்ற குடியேற்றத்திலும் போ ஷான் வீதியிலும் ஒரே நாளில் இரண்டு சரிவுகள் இறங்கின. 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1976இல் அதே சவ் மவ் பிங்கில் மீண்டும் மண் இறங்கியது. அடுத்த ஆண்டே சரிவுகளுக்கென்று தனியான பொறியியல் அலுவலகம் ஒன்றை அரசு அமைத்தது. அது செய்த வேலைகளில் முதன்மையானது ஒரு பேரேடு. மனிதன் வெட்டிய மேடு, கொட்டி நிரப்பிய சரிவு, அணைச்சுவர் என்று பெரிதாக உள்ள ஒவ்வொன்றையும் அளந்து எண் கொடுத்தார்கள். இன்று அந்தப் பேரேட்டில் ஏறத்தாழ 60,000 சரிவுகள் இருக்கின்றன. சரிவின் முகப்பிலேயே எண் பொறித்த தகடு இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு அது எப்போது வெட்டப்பட்டது, பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்று எவரும் தேடிப் பார்க்கலாம். தனியார் காணியில் உள்ள ஆபத்தான சரிவைத் திருத்தச் சொல்லிச் சட்டப்படி கட்டளையிடவும் முடியும். தொடக்கத்தில் இதற்குக் கணினிகூடத் தேவைப்படவில்லை. பழைய வான்படங்களும் அளவுநாடாவும் நடந்துபோய்ப் பார்க்கும் மனிதர்களும் போதுமாக இருந்தார்கள். அந்நகரில் மண்சரிவால் நேரும் மரணங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. மழை குறையவில்லை.

அக்குறணையில் இதைச் செய்வதற்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. 2024 குடிசன மதிப்பீட்டில் கணக்கெடுப்பாளர்கள் டேப்லெட்டோடு வீடு வீடாகப் போனார்கள். அதேபோல் பயிற்சி பெற்ற இளைஞர்கள் கைத்தொலைபேசியோடு போய், மேட்டின் உயரம், அது வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம், மேலே மலசலகூடக் குழி உண்டா, கூரைக்குப் பீலி உண்டா, தண்ணீர் எங்கே போகிறது, சுவரில் வெடிப்பு உண்டா என்று கேட்டுப் படமெடுத்தால், ஒரு வீட்டுக்கு அரைமணி நேரம் கூடப் பிடிக்காது. இடத்தின் ஆள்கூறுகளைத் தொலைபேசியே குறித்துக்கொள்ளும். ட்ரோன் எடுக்கும் படங்களைப் பொருத்திப் பார்த்தால் சரிவின் வடிவமே முப்பரிமாணத்தில் கிடைத்துவிடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் புவிச்சரிதவியல் துறையும் பக்கத்திலேயே இருக்கின்றன. அவ்வாறு சேர்த்த பட்டியலைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வலயப் படத்தோடும் மழைமானியோடும் இணைத்தால், சிவப்பு எச்சரிக்கை வரும் இரவில் எந்தெந்தக் கதவுகளை முதலில் தட்ட வேண்டும் என்று கிராம உத்தியோகத்தர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். 60,000 பேருக்கான செய்தி சில நூறு வீடுகளுக்கான செய்தியாகச் சுருங்கும்.

வீட்டார் தாமே செய்யக்கூடிய அளவை ஒன்றும் இருக்கிறது. பழைய மேசன் பாஸ்மார் அறிந்த முறை. சுவர் வெடிப்பின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டை இரு முனையும் சீமெந்தால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதிவிடுவார்கள். சுவர் பூச்சு மட்டும் விரிந்த வெடிப்பென்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். அத்திவாரமே நகர்கிறது என்றால் கண்ணாடி ஒரு நாள் உடைந்து நிற்கும். கண்ணாடி கிடைக்காவிட்டால் வெடிப்பின் இரு நுனிகளிலும் பென்சில் கோடு கிழித்து, பக்கத்தில் ஓர் அடிமட்டத்தைப் பிடித்து, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று படமெடுத்து வைக்கலாம். கதவு திடீரென்று இறுகுவது, தரையில் புது வெடிப்பு, மேட்டில் புதிதாய்த் தோன்றும் ஊற்று, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது, மரங்கள் சாய்வது ஆகியவற்றை மண்சரிவின் முன்னறிகுறிகளாக அதிகாரிகள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். இவற்றைத் தேதியோடும் படத்தோடும் பதிந்து வைத்தால் மட்டுமே பொறியியலாளர் வரும்போது அவருக்குப் பயன்படும். நினைவிலிருந்து சொல்லும் வெடிப்பு எப்போதும் சற்றுச் சிறியதாகவே இருக்கும்.

கண்டுபிடித்த பிறகு திருத்துவது எப்படி? பெரும்பாலான இடங்களில் எதிரி தண்ணீர்தான், ஆகவே முதல் மருந்தும் தண்ணீருக்குத்தான். கூரைக்குப் பீலி பொருத்தி நீரைக் குழாய் வழியே கீழே கொண்டுபோவது, மேட்டின் உச்சியில் சீமெந்து பூசிய வடிகான் வெட்டுவது, மலசலகூடக் குழியைச் சரிவின் விளிம்பிலிருந்து அகற்றுவது. அணைச்சுவர் கட்டினால் அதில் நீர் வெளியேறத் துளைகள் விடவேண்டும், சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்ப வேண்டும். துளையில்லாத சுவர், பின்னால் தேங்கும் நீரின் பாரத்தைச் சேர்த்துச் சுமந்து, ஒரு நாள் மண்ணோடு மண்ணாக வீட்டின்மேல் விழும். சீமெந்து மூட்டைக்குச் செலவழித்தவர்கள் துளைக்கான குழாயை மிச்சம்பிடித்த சுவர்கள் மலைநாட்டில் ஏராளம். ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 2019இல் இலங்கைக்கு மண்சரிவுத் தடுப்பு வேலைகளுக்காக எட்டுக் கோடி டாலர் கடன் வழங்கியது. ஆபத்து மிகுந்த தெரிவு செய்த சரிவுகளில் ஆணி அறைந்து, வடிகால் துளைத்துத் திருத்தும் நல்ல திட்டம். அந்தப் பணம் ஒவ்வொரு குசினிப் பின்புறத்துக்கும் வராது. ஆனால் பீலிக்கும் வடிகானுக்கும் கோடி டாலர் தேவையில்லை.

சட்டமும் பழைய வீட்டைப் பார்ப்பதில்லை. மண்சரிவு அபாய மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெற வேண்டும் என்று 2011இல் சுற்றறிக்கை வந்தது. அதற்கு முன் எழும்பிய வீடுகள் எந்த வலைக்குள்ளும் விழாமல் நிற்கின்றன. உள்ளூராட்சி மன்றங்கள் வீடுகளுக்குச் சோலை வரி மதிப்பிடுகின்றன. மதிப்பிட வருபவர் அறைகளை எண்ணுவார். பின்மேட்டை அளக்க மாட்டார்.

ஆபத்து முன்கூட்டியே தெரிந்தும் ஒன்றும் நடக்காத கதையும் இலங்கையில் உண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. போக மாற்று வீடு இல்லாதவரிடம் கொடுக்கும் எச்சரிக்கை அரைகுறை எச்சரிக்கை.

ஆபத்தை அறிந்தால் மட்டும் போதாது என்பதை அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் வேறு விதத்தில் காட்டியது. குடிநீரில் ஈயம் கலந்த அந்நகரில் எந்த வீட்டுக்கு ஈயக்குழாய் போகிறது என்று சரியான பதிவில்லை. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீடு கட்டிய ஆண்டு, இடம், மதிப்பு முதலியவற்றைக் கொண்டு கணினியைப் பயிற்றி, தோண்ட வேண்டிய வீடுகளைக் கணித்தார்கள். 2017இல் தோண்டிய வீடுகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மாற்ற வேண்டிய குழாய் இருந்தது. 2018இல் அந்தக் கணிப்பைக் கைவிட்டுத் தெருத்தெருவாகத் தோண்டத் தொடங்கியதும் அது 15 சதவீதமாக விழுந்தது. எங்கள் தெருவை ஏன் தோண்டவில்லை என்று கேட்டவர்களுக்கு நகராட்சியால் விளக்கம் சொல்ல முடியாமல் போனதும் அதற்கொரு காரணம். பட்டியல் இருந்தால் மட்டும் போதாது, ஊர் அதை நம்ப வேண்டும். அக்குறணையில் பின்மேடுகளின் பட்டியலைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் விகாரை, கோவில் சபைகளும் பாடசாலைகளும் கூடப் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடியதாக வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வீடு போகும்போது கூரையையும் பார்த்துவிடலாம். மலைநாட்டின் பழைய வீடுகளில் பல அஸ்பெஸ்டஸ் தகடு போட்டவை. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நூலிழை நுரையீரலுக்குள் போய் நோயாக வெளிப்பட இருபது முப்பது வருஷம்கூட ஆகலாம். 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் ஒரு பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. ரஷ்யாதான் அஸ்பெஸ்டஸின் பெரிய ஏற்றுமதியாளர். சில நாட்களில் இலங்கை தன் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, ரஷ்யாவும் தடையை நீக்கியது. தோட்டத் தொழிலாளி பறித்த கொழுந்துக்கும் மலைநாட்டு வீடுகளின் கூரைத் தகட்டுக்கும் இப்படியொரு முடிச்சு. போலந்து இதே காலத்தில் தன் நாட்டு அஸ்பெஸ்டஸ் கூரைகளைப் பதிவேட்டில் ஏற்றி, வான்படங்களால் சரிபார்த்து, 2032க்குள் அகற்றி முடிக்கத் திட்டமிட்டு வேலை செய்கிறது. முழுசாக இருக்கும் தகட்டால் உடனடி ஆபத்துக் குறைவு. மண்சரிவில் நொறுங்கிய தகடுதான் கொடியது. அதை உலர்ந்தபடி கூட்டவோ உடைக்கவோ கூடாது. நனைத்து, பொலித்தீனில் சுற்றி அகற்ற வேண்டும். இடிபாடு அள்ளப் போகிறவர்கள் வெறும் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டால் போதாது. துணி அந்த இழையைத் தடுக்காது.

ஆபத்து மேட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. பிங்கா ஓயாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஊருக்கே தெரிந்த கதை. கரையை நெருக்கிக் கட்டிடங்கள், படுக்கையில் மணலும் குப்பையும். மேலே மழை கொட்டினால் கொஞ்ச நேரத்தில் கடைத்தெருவுக்குள் தண்ணீர், ஏ-9இல் போக்குவரத்துத் தடை. மேலோடையில் நீர்மட்டம் காட்டும் உணரி சில நிமிஷ அவகாசம் தரும். அதைக் கேட்டுக் கடைக்காரர் சாமானை மேல்மாடிக்கு ஏற்றலாம். ஆனால் ஓயாவின் ஒதுக்குப் பகுதியை மீட்காமல் வெள்ளம் தீராது.

அக்குறணைப் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் இந்தப் பின்மேட்டுக் கணக்கெடுப்பை ஒரே ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் தொடங்கிப் பார்க்கலாம். அடுத்த ஐப்பசி மழைக்கு முன் அந்தப் பிரிவின் ஒவ்வொரு பின்மேட்டுக்கும் ஓர் எண் கொடுத்து முடிக்கலாம். இதை வாசிப்பவர் மலைச்சரிவில் வாழ்பவர் என்றால், இன்று வெளிச்சம் இருக்கும்போதே குசினிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே போகிறது என்று கவனியுங்கள். வெடிப்பு இருந்தால் தேதி எழுதிப் படமெடுங்கள், கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.